ஒரு முழு நாளுக்கான சூத்திரம்

அந்தக் குடிநீர் அலுவலகத்தில் தண்ணீர் எப்போதாவது வரும், சுற்றறிக்கை தினமும் வரும். அப்படி வந்த ஒன்றில்தான், இனிமேல் ஊழியர்கள் யாரும் நேரத்தை வாயால் சொல்லக் கூடாது என்று போட்டிருந்தது.

அதற்கு முன்னால் விஷயம் சுலபமாக இருந்தது. குழாய் வெடித்து யாராவது கூடுதலாக நிற்க வேண்டி வந்தால், மறுநாள் மேலதிகாரியிடம், "சார், நேத்து ரெண்டு மணி நேரம் கூட நின்னேன்" என்பார். அவர், "சரி, வெள்ளிக்கிழமை சீக்கிரம் கிளம்பிக்கோ" என்பார். அவ்வளவுதான். இயக்குநருக்கு இது காட்டுமிராண்டித்தனமாகப் பட்டது. இரண்டு பேர் நின்றபடியே பேசி முடித்துக்கொள்கிற காரியம் அலுவலகக் காரியமாக எப்படி இருக்க முடியும்? ஆகவே இரண்டாவது மாடியில், பொதுமக்களின் புகார்களை வாங்கிக்கொண்டிருந்த அறையைக் காலி செய்து, புகார்களை மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்டு, 'நேரக் கட்டுமானப் பிரிவு' என்று ஒரு பலகை மாட்டினார்கள். பலகைக்கு மட்டும் தனியாக ஒரு திறப்பு விழா நடந்தது.

பிரிவின் வேலை இதுதான். கணினியில் ஓர் அட்டவணை. அதில் ஒவ்வொரு ஊழியருக்கும் நான்கு கட்டங்கள். முதல் கட்டத்தில் மணி, இரண்டாவதில் நிமிடம், மூன்றாவதில் நொடி. நான்காவதில் ஒரு சூத்திரம் உட்கார்ந்திருக்கும். அது மூன்றையும் சேர்த்து ஒரு நேரமாகக் கட்டிக் கொடுக்கும். கூடுதலாக உழைத்தது, எடுக்காமல் விட்ட வார விடுப்பு எல்லாம் இப்படிக் கட்டப்பட்டு ஊழியரின் சேமிப்பில் சேரும். விடுப்பு வேண்டுமென்றால் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். சூத்திரம் கட்டிக் கொடுத்ததுதான் நேரம். அதற்கு முன்னால் இருந்தது வெறும் உழைப்பு.

இந்தக் கடைசி வாக்கியம் என்னுடையது அல்ல. பிரிவுத் தலைவர் திறப்பு விழாவில் சொன்னது. நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர். கழுத்தைத் திருப்ப மாட்டார், உடம்போடு சேர்ந்துதான் திரும்புவார். அலுவலகத்தில் அவருக்கு மணிக்கூண்டு என்று பெயர். சூத்திரத்தைப் பற்றிப் பயிற்சி வகுப்பு ஒன்றுக்குப் போய்வந்தவர். சூத்திரம் எப்படி வேலை செய்கிறது என்பது தவிர மற்றதெல்லாம் அங்கே கற்றுக்கொண்டு வந்திருந்தார்.

வாரத்தின் முதல் நாள் காலையில் நேரம் கட்டுவார்கள். அறைக் கதவைச் சாத்திவிட வேண்டும். பேசக் கூடாது. அட்டவணையைப் பார்த்துக்கொள்ளும் எழுத்தர் ஓர் இளம் பெண். அவள் கணினிக்கு முன்னால் உட்கார, மணிக்கூண்டு பின்னால் நின்றுகொண்டு, "மணி" என்பார். அவள் அடிப்பாள். "நிமிடம்." அடிப்பாள். "நொடி." அடிப்பாள். பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டு, "கட்டு" என்பார். அவள் பொத்தானை அமுக்குவாள். ஒருமுறை 'நொடி'க்கும் 'கட்டு'க்கும் நடுவில் மீட்டர் பார்ப்பவர் தும்மிவிட்டார் என்று அன்றைக்கு எல்லோருடைய நேரத்தையும் இடித்து மறுபடி கட்டினார்கள்.

நொடி விஷயத்தில் ஆரம்பத்தில் கொஞ்சம் குழப்பம் இருந்தது. பள்ளம் தோண்டுகிறவனுக்கு நொடி எங்கே தெரியும்? எல்லோரும் பூஜ்யம் என்று எழுதினார்கள். நொடிக் கட்டத்தில் பூஜ்யம் எழுதுவது நிறுவனத்தின் மீது ஈடுபாடு இல்லாததைக் காட்டுகிறது என்று சுற்றறிக்கை வந்தது. அதிலிருந்து எல்லோரும் மனம்போன நொடியை எழுதினார்கள். ஈடுபாடு ஒரே வாரத்தில் பெருகிவிட்டது என்று இயக்குநர் மகிழ்ச்சி தெரிவித்தார்.

இந்த இடத்தில்தான் நம் பம்ப்காரர் வருகிறார். இரண்டாம் எண் பம்பை ஓட்டுகிறவர். பேச்சு குறைவு, பம்பின் சத்தத்தில் பேசி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டவர். பம்ப் அறைக்குப் பின்னால் ஒரு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் அலுவலகம் கொடுத்த குடியிருப்பு. பம்ப் அறை ஜன்னலில் நின்றால் தன் வீட்டுச் சமையலறை ஜன்னல் தெரியும். அவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டும் அவர் வீட்டில் இருந்ததே கிடையாது. ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்தால் சங்கு ஊதும். எங்கேயோ குழாய் உடைந்திருக்கும். வார விடுப்பில் சாப்பிட உட்கார்ந்தால் ஆள் வந்து நிற்கும். பக்கத்தில் குடியிருப்பவனைத்தானே கூப்பிடுவார்கள்.

அவருடைய மனைவிக்கு இதயம் வீங்கிவிட்டது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, இனி இதற்குச் செய்ய ஒன்றும் இல்லை, சந்தோஷமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகு, இரண்டு தலையணையை முதுகுக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தவளிடம் பம்ப்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். அப்படியெல்லாம் கேட்டு அவருக்குப் பழக்கம் இல்லை.

"என்ன கேட்டாலும் செய்வீங்களா?"

"சொல்லு."

"ஒரு நாள் முழுக்க வீட்ல இருங்க."

"இருக்கேனே. இப்ப யாரு இருக்கா?"

"இது வந்துட்டுப் போறது. இத்தன வருஷத்துல உங்கள நான் பாதி பாதியாத்தான் பாத்திருக்கேன். காலைல கண்ணு முழிச்சா நீங்க இருக்கணும். சாயங்காலம் திரும்பிப் பாத்தா இருக்கணும். மறுநாள் முழிச்சாலும் அதே ஆளு அங்கயே இருக்கணும். அது போதும்."

"இருந்து என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேணாம். சண்ட போடுவோம். நேரம் இருந்தா சமாதானம் ஆவோம்."

மகள் சமையலறையிலிருந்து சிரித்தாள். கல்லூரிப் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு அம்மாவோடு இருப்பவள். பம்ப்காரரும் சிரித்துவிட்டு, இது ஒரு பெரிய விஷயமா என்று மறுநாள் இரண்டாவது மாடிக்கு ஏறினார்.

ஒரு நாள் விடுப்புக்கு இருபத்து நான்கு மணி நேரம் சேமிப்பில் இருக்க வேண்டும் என்றார் மணிக்கூண்டு.

"சார், என் ஷிஃப்ட்டு எட்டு மணி நேரந்தானே? எட்டு மணி நேரம் எடுத்துக்கிட்டா ஒரு நாள் ஆகிடாதா?"

மணிக்கூண்டு உடம்போடு திரும்பினார். "ஷிஃப்ட்டு எட்டு மணி நேரம். ஆனா நாள் இருபத்திநாலு மணி நேரம். குடியிருப்புல இருக்கறவங்கள சங்கு ஊதினா எப்ப வேணாலும் கூப்பிடலாம்னு விதி இருக்கு. நீங்க தூங்கறப்பவும் எங்க ஆளுதான். உங்க தூக்கத்த நீங்க எங்ககிட்டேருந்து வாங்கணும் இல்லையா?"

நியாயமாகத்தான் பட்டது பம்ப்காரருக்கு. அவருக்கு எல்லாமே கொஞ்ச நேரம் நியாயமாகப் படும். அதுதான் அவருடைய வியாதி.

சேமிப்பில் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்துவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். முடியாது. இருப்பதைவிட அதிகமாக எடுத்தால் கணக்கு கழித்தலில் போகும். கழித்தல் நேரத்தை அந்த அட்டவணையால் காட்ட முடியாது. கட்டம் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிக் கோடுகள் வந்து அடைத்துக்கொள்ளும். இதற்கு வேலி விழுவது என்று பெயர். வேலி விழுந்தவரின் அடையாள அட்டையை வாசல் இயந்திரம் ஏற்காது. உள்ளே வர முடியாது, சம்பளம் இல்லை, பிறகு குடியிருப்பு இல்லை, மருத்துவ அட்டையும் இல்லை. வால்வு திறப்பவர் ஒருவர், அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று ஓடி, கொஞ்ச நேரம் அதிகமாக இருந்துவிட்டார். வேலி விழுந்தது. எழுத்தர் பாவப்பட்டு அவருடைய கட்டத்தை அகலமாக்கிப் பார்த்தாள், வேலியும் அகலமானது. இன்னும் இழுத்தாள், வேலி திரையின் ஓரம் வரைக்கும் போனது. அந்த மனிதர் இப்போதும் தினமும் வாசலுக்கு வருகிறார். வேலி இருப்பதால் உள்ளே விடுவதில்லை. வேலைக்கு வராததால் வேலி போவதில்லை.

ஆக, பம்ப்காரர் சேமிக்க ஆரம்பித்தார். சங்கு ஊதினால் முதல் ஆளாக ஓடினார். வார விடுப்பை எடுக்கவில்லை. யாருடைய ஷிஃப்ட்டாவது காலியாக இருந்தால் போய் நின்றார். அவளோடு ஒரு நாள் இருப்பதற்காக, இருந்த கொஞ்ச நஞ்ச நேரமும் அவளோடு இல்லாமல் போனார். அவள் படுக்கையிலிருந்து பம்ப் சத்தத்தைக் கேட்டு, "உங்கப்பா நேரம் சம்பாதிக்கறாரு" என்று மகளிடம் சொல்வாள். இரண்டு வாக்கியம் பேசினால் மூச்சு வாங்கும். ஆனாலும் அதைச் சொல்வாள்.

சேமிப்பு வாரத்துக்கு வாரம் ஏறியது. இருபது தாண்டியது. பிறகு ஒரு வாரத்தின் முதல் நாள், இருபத்து நான்கு முழுசாகச் சேர்ந்தது. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு இரண்டாவது மாடிக்குப் போனார். கதவு சாத்தப்பட்டது. மணி. நிமிடம். நொடி. கட்டு.

எழுத்தர் திரையைப் பார்த்தாள். மறுபடி பொத்தானை அமுக்கினாள்.

"என்ன தங்கச்சி?"

"சைபர் வருதுண்ணே."

"சரியா பாரும்மா. இருபத்திநாலு."

"இருபத்திநாலுதான் போட்டேன். கட்டினா சைபர் ஆகுது."

மணிக்கூண்டு குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் கலவரம் எதுவும் இல்லை. ஒரு பெருமிதம்தான் இருந்தது.

"கரெக்ட்டாத்தான் இருக்கு. கடியாரத்துல இருபத்திநாலு மணின்னு எங்கயாவது பாத்திருக்கீங்களா? இருபத்திமூணு அம்பத்தொம்பது, அதுக்கு மேல சைபர். உலகமே அப்படித்தான் ஓடுது. உலகத்துக்கு எதிரா நான் கையெழுத்து போட முடியுமா?"

"அப்ப நான் நின்ன நேரமெல்லாம் எங்க சார் போச்சு?"

"எங்கயும் போகல. முழுசாயிடுச்சு. முழுசானா சைபர்."

"சார், ஒரு நாளுக்கு இருபத்திநாலு வேணும்னு நீங்கதான..."

"வேணும். ஆனா இருக்கக் கூடாது." அவரே சொன்னதை அவரே ஒரு நிமிஷம் ரசித்தார். "சூத்திரம் தப்பு பண்ணாது. நீங்கதான் தப்பான அளவுக்கு நேரம் வச்சிருக்கீங்க. போய் இன்னும் ஒரு மணி நேரம் வேல பாருங்க. உங்ககிட்ட ஒரு மணி நேரம் இருக்கும்."

தன் முறைக்காக ஓரமாக நின்றிருந்த மீட்டர் பார்ப்பவர் அப்போதுதான், போன மாதம் தன்னிடம் இருந்த இருபத்தேழு மணி நேரம் மூன்றாகக் குறைந்த ரகசியத்தைப் புரிந்துகொண்டார். அவர் அதுவரை அதை ஏதோ பிடித்தம் என்று நினைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து எப்படிச் சொல்வது என்று பம்ப்காரர் வாசலிலேயே செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். உள்ளேயிருந்து அவளே கேட்டாள்.

"முட்டை போட்டுட்டாங்களா?"

"எப்படித் தெரியும்?"

"இஸ்திரி போட்ட சட்டை அப்படியே தொங்கிப்போச்சு. வாங்க, உள்ள வாங்க. மறுபடியும் சேத்துக்கலாம். நான் எங்க போகப் போறேன்."

அவளுக்குக் கால் வீங்க ஆரம்பித்திருந்தது. அவர் பார்க்கக் கூடாது என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

எழுத்தர்தான் அவருக்கு வழி சொன்னாள், மாடிப்படியில், யாரும் இல்லாத சமயத்தில். "அண்ணே, இருபத்திநாலு வேணாம். ஒரே ஒரு நொடி கம்மியா வச்சுக்கோங்க. இருபத்திமூணு, அம்பத்தொம்பது, அம்பத்தொம்பது. அதுக்கு மேல ஒரு நொடி போனா எல்லாம் போச்சு. ஆனா அது வரைக்கும் சூத்திரம் கட்டும். ஒரு நொடிக்கு சாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்த முறை வெயில் காலம். ஊரில் தண்ணீர் சண்டை. சங்குக்கு ஓய்வே இல்லை. அவர் அதற்காகச் சந்தோஷப்பட்டதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. நொடியைக் கையால் எழுதுவது இதற்குள் நின்றுபோய், வாசல் இயந்திரமே பதிய ஆரம்பித்திருந்தது. கடைசி நாள் அவர் அந்த இயந்திரத்தின் முன்னால் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். காவலாளி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, "இருங்க... இருங்க... இப்ப இல்ல..." என்று எண்ணிக்கொண்டிருந்தார். பள்ளம் தோண்டுகிறவர்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். "இப்ப!" என்று எல்லோரும் சேர்ந்து கத்த, அவர் அட்டையைத் தேய்த்தார். பச்சை விளக்கு எரிந்தது. காவலாளி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அந்த வாரம் கதவு சாத்தப்பட்டது. கட்டு என்றார் மணிக்கூண்டு. திரையில் இருபத்து மூன்று, ஐம்பத்தொன்பது, ஐம்பத்தொன்பது என்று வந்து நின்றது. ஒரு நொடி குறைந்த ஒரு நாள். பம்ப்காரர் விரலால் திரையைத் தொட்டுப் பார்த்தார். யாரும் அதட்டவில்லை. மணிக்கூண்டுகூட, "நல்லா கட்டியிருக்கீங்க" என்று சொல்லி, கோப்பை மூன்றாவது மாடிக்கு அனுப்பினார்.

மூன்றாவது மாடியில் முழுமையாக்கும் பிரிவு இருந்தது. அங்கே சில்லறை பிடிக்காது. அரைகுறையாக வரும் எதையும் பக்கத்தில் இருக்கும் முழு எண்ணுக்குத் தள்ளிவிடுவதற்காகவே மூன்று பேருக்குச் சம்பளம். அவர்கள் ஐம்பத்தொன்பது நொடியைப் பார்த்து முகத்தைச் சுளித்து, அடித்துவிட்டு, அறுபது என்று போட்டு, மனிதாபிமான அடிப்படையில் ஒரு நொடி கூட்டி வழங்கப்படுகிறது என்று குறிப்பு எழுதி இறக்கிவிட்டார்கள்.

எழுத்தர் அதை அடிக்க மாட்டேன் என்றாள். மணிக்கூண்டு குனிந்து, தன் கையாலேயே அடித்தார். பூஜ்யம்.

"பாருங்க, மேல இருக்கறவங்களுக்கு உங்க மேல எவ்வளவு கரிசனம்" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. அவருக்குக் கிண்டல் வராது.

பம்ப்காரர் அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சத்தம் போட்டார். "என் பொண்டாட்டி செத்துக்கிட்டு இருக்கா சார்!" மணிக்கூண்டு சற்று யோசித்தார். யோசித்துவிட்டு, "அதுக்கு இந்த ஷீட்டுல கட்டம் இல்லையே" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

அடுத்த மாதம் பிரிவின் ஆண்டு விழா வந்தது. வெளியூரிலிருந்து பிரிவுக்குப் பரிசு கொடுக்கிறார்கள் என்று அலுவலகமே பரபரத்தது. அரங்கத்தில் இயக்குநர் பேசினார். அவர் பேசியதை அப்படியே தருகிறேன், என் சரக்கு எதுவும் இதில் கலக்கவில்லை.

"நண்பர்களே, இந்தத் திட்டம் வந்த நாளிலிருந்து நம் ஊழியர்களில் ஒருவர்கூட ஒரு முழு நாள் விடுப்பு எடுக்கவில்லை. ஒருவர்கூட! எடுக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் உண்டு. ஆனால் நமது சூத்திரம் அவர்களைக் கைவிடவில்லை. மனிதன் பலவீனமானவன், மனைவி என்பான், மக்கள் என்பான். சூத்திரம் அப்படிச் சொல்வதில்லை. என்னிடம் ஒருவர் கேட்டார், அந்தச் சூத்திரத்தைத் திருத்த முடியாதா என்று. திருத்தலாம், ஐந்து நிமிட வேலை என்கிறார்கள். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தை எந்தத் தலைப்பில் கட்டுவது? யோசிக்க வேண்டாமா?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அதிக நேரம் கட்டி, அதில் ஒரு நொடிகூடச் செலவழிக்காத ஊழியர் என்று பம்ப்காரரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு கண்ணாடிக் கேடயத்தை அவர் கையில் கொடுத்து, புகைப்படக்காரர் பக்கம் திருப்பிவிட்டார் இயக்குநர்.

"ஐயா, எனக்கு இது வேணாம்யா. ஒரு நாள் குடுங்க."

"ஒரு நாளா?" இயக்குநர் ஒலிபெருக்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஒரு நாள் என்ன, இந்த நிறுவனத்தின் எதிர்காலமே உங்களுடையதுதான்!" மறுபடியும் கைதட்டல்.

கேடயத்தை மனைவியிடம் காட்டினார். அவள் அதை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லா கனமா இருக்கு. எதுக்குக் குடுத்தாங்க?"

"உன் கூட இல்லாம இருந்ததுக்கு."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், மகள் ஓடி வந்து முதுகைத் தடவ வேண்டியதாயிற்று. அடங்கிய பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இதப் பாருங்க, இருபத்திநாலெல்லாம் வேணாம். இருபத்திமூணு மணி நேரம் போதும். மீதி ஒரு மணி நேரம் நீங்க பம்புக்குப் போய்ட்டு வாங்க. அந்த நேரத்துல நான் தூங்கிக்கறேன், நீங்க போனது எனக்குத் தெரியாது" என்றாள்.

அவர் தலையாட்டினார். இருபத்து மூன்றிலேயே நிறுத்திவிடுவது, யார் சொன்னாலும் அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை என்று முடிவெடுத்தார். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

மதியம். பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பியபோது சமையலறை ஜன்னலில் யாரும் இல்லை. திரும்பி அழுத்தமானியைப் பார்த்தார். பிறகு கதவில் மகள் நின்றுகொண்டிருந்தாள். மதிலைச் சுற்றி ஓடி வந்திருக்கிறாள், காலில் செருப்பில்லை. "அப்பா" என்றாள். பம்ப் சத்தத்தில் அது கேட்டிருக்காது. வாய் அசைந்ததைத்தான் பார்த்தார்.

மோட்டாரை நிறுத்தினார். அத்தனை வருஷத்தில் உத்தரவு இல்லாமல் அவர் அதை நிறுத்தியது அன்றைக்குத்தான். ஊரில் பாதிக் குழாய்கள் வறண்டன. ஓடினார். வாசலில் கை தானாகப் பைக்குள் போயிற்று. அட்டையை எடுத்துத் தேய்த்து, பச்சை விளக்கு எரியும் வரை நின்றார். "எதுக்கு நிக்கிறீங்கண்ணே, ஓடுங்கண்ணே!" என்று காவலாளி கத்தினார். பழக்கம். அவ்வளவுதான். ஆனால் அவர் போய்ச் சேர்ந்தபோது அவள் கண்ணை மூடியிருந்தாள். அந்தப் பச்சை விளக்குக்காக நின்ற கணத்தில்தான் அது நடந்ததா, அதற்கு முன்பே நடந்துவிட்டதா என்று மகள் கடைசி வரை அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை, தகவல் சொல்வதற்காக அலுவலகத்துக்குப் போனார். மணிக்கூண்டு எழுந்து நின்று இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் விடவில்லை. நல்ல மனிதர்தான், அதுதான் இந்தக் கதையில் எனக்கு ஆத்திரமே.

"விடுப்பு பத்திக் கவலப்படாதீங்க. துக்கத்துக்கு மூணு நாள் உண்டு."

"என் சேமிப்புல அவ்வளவு இல்ல சார்."

"இதுக்குச் சேமிப்பெல்லாம் வேணாம். இது வேற ஷீட்டு. மணி, நிமிடம் எதுவும் கிடையாது, நாள் கணக்கு. சூத்திரமே இல்ல. நேரா மூணுன்னு அடிச்சா மூணு. முழு நாள். முழு நாள் குடுக்கறதே இல்லன்னு நாளைக்கு யாரும் நம்மள சொல்லக் கூடாது பாருங்க." எழுத்தரிடம் போட்டுவிடச் சொல்லிவிட்டு அவர் கூட்டம் ஒன்றுக்குப் போனார்.

எழுத்தர் அந்த அட்டவணையைத் திறந்தாள். அவளுக்கு எழுத்துகள் கலங்கித் தெரிந்தன, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பம்ப்காரர் அவளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். எளிமையான அட்டவணை. தேதி, அதற்கு நேராக ஒரு கட்டம். அவ்வளவுதான்.

"இன்னைலேருந்து போடட்டுமாண்ணே?"

"தங்கச்சி, மூணு நாளும் எனக்கு வேணாம்" என்றார் அவர். "ரெண்ட நீங்களே எடுத்துக்குங்க. ஒண்ணே ஒண்ணு போதும். அத மட்டும் போன மாசத்துல போட முடியுமா?"

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. ஒரு வால்வை இடம் மாற்றிப் பொருத்த முடியுமா என்று கேட்கிற குரல்தான்.

முன் தேதிக்குப் போடக் கூடாது என்று விதி இருந்தது. அவள் அந்த விதியை நாலைந்து பேருக்குத் தன் வாயாலேயே சொல்லி அனுப்பியிருக்கிறாள். இப்போது அதைச் சொல்லவில்லை. போன மாதத்துக்கு நகர்த்திக்கொண்டு போனாள்.

"எந்த நாள்ணே?"

"தேதி தெரியலம்மா. விழா நடந்த மறுவாரம், செவ்வாய்க்கிழமை. அன்னைக்கு அவளுக்கு மூச்சு நல்லா இருந்துச்சு. ஜன்னலோரமா உக்காந்து மகளுக்குத் தலை பின்னி விட்டா. நான் பம்ப்லேருந்து பாத்தேன். என்னைப் பாத்துச் சீப்ப ஆட்டினா."

எழுத்தர் அந்தச் செவ்வாய்க்கிழமையைக் கண்டுபிடித்தாள். அதற்கு நேரான கட்டத்தில் ஒன்று என்று அடித்தாள். பூஜ்யம் வரவில்லை. வேலி விழவில்லை. அடித்த ஒன்று அடித்தபடியே நின்றது.

அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"அப்ப அன்னைக்கு நான் வீட்லதான இருந்தேன்?"

"ஆமாண்ணே" என்றாள் அவள். "காலைலேருந்து மறுநாள் காலை வரைக்கும் வீட்லதான் இருந்தீங்க."